பலகையில் அமர்ந்த பிள்ளை

கேள்வி: எனக்கு 36 வயது. திருமங்கலத்தில் கணக்கு எழுதும் வேலை. பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் படிப்பதுதான் என் படிப்பு. மூன்று மாதமாக மதுரையில் ஒரு வாசகர் வட்டத்துக்குப் போகிறேன். போன மாதம் புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை' குறுநாவலையும், அதை வைத்து மகேந்திரன் 1979இல் எடுத்த 'உதிரிப்பூக்கள்' படத்தையும் பற்றிப் பேசினார்கள். எல்லோரும் அந்தத் தகப்பனின் குணத்தையே அலசினார்கள். நான் முதன்முறையாக எழுந்து, "எனக்கு அந்த இரண்டு பிள்ளைகளை விட்டுக் கண் நகரவில்லை, புத்தகத்திலும் அப்படித்தான்" என்றேன். மூத்தவர் ஒருவர், "இதற்கு முன் புதுமைப்பித்தனை எவ்வளவு படித்திருக்கிறீர்கள்?" என்று கேட்டார். இதுதான் முதல் என்றேன். சிரித்துவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டார். மறுபடி வாய் திறக்கப் பயமாக இருக்கிறது. கருத்துச் சொல்வதற்கு இவ்வளவு படித்திருக்க வேண்டும் என்று ஏதாவது அளவு உண்டா?

- பெயர் வேண்டாம் என்று எழுதிய வாசகி, திருமங்கலம்

பதில்: அளவு எதுவும் கிடையாது, அம்மா. அடுத்த கூட்டத்துக்குப் போங்கள், பேசுங்கள்.

உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு ஒரு வாரம் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெரியவர் கேட்ட கேள்வியை நானும் ஒருமுறை கேட்டிருக்கிறேன். முப்பது வருடத்துக்கு முன், மேலமாசி வீதிப் பக்கம் ஒரு மாடியில் கூடிக்கொண்டிருந்தோம். செல்லூரிலிருந்து ஒரு நெசவாளர் புதிதாக வந்தார். அன்றைக்குப் பேச எடுத்த நாவலில் தறி ஓடும் வீடு ஒன்று வருகிறது. ஜன்னல் வழியாக வெயில் கொட்டுகிறது, தறி பொன்னாக மின்னுகிறது என்று எழுதியிருந்தார் ஆசிரியர். நாங்கள் எல்லாரும் அந்த வர்ணனையைப் புகழ்ந்தோம். அவர் மட்டும், "அப்படி வெயில் விழுந்தால் பாவு காய்ந்து இழை அறுந்துகொண்டே இருக்கும். தறி இருக்கும் இடத்தில் ஈரம் வேண்டும். அதற்கு மேல் எனக்குக் கதைக்குள் போக முடியவில்லை" என்றார். நான்தான் கேட்டேன், இதுவரை எத்தனை நாவல் படித்திருக்கிறீர்கள் என்று. இதுதான் முதல் என்றார். அடுத்த மாதம் அவர் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை.

அந்த நாவலை அவருக்கு முன்பும் பின்பும் எத்தனையோ பேர் படித்திருப்பார்கள். அந்த வெயிலைத் தப்பு என்று கண்டவர் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான். நான் கேட்ட கேள்வி புத்தகத்தைப் பற்றியதே அல்ல, ஆளைப் பற்றியது. இது எனக்கு உறைக்கப் பல வருடம் ஆயிற்று.

இப்போது உங்கள் கருத்துக்கு வருகிறேன். 'உதிரிப்பூக்க'ளில் 'சிற்றன்னை'யிலிருந்து வந்தது மிகக் கொஞ்சம். பெரும்பகுதி மகேந்திரன் புதிதாகக் கட்டியது. இரண்டுக்கும் பொதுவாக முன்னால் நிற்பவர்கள் யார் என்று பாருங்கள்: அந்த இரண்டு பிள்ளைகள். நீங்கள் பஸ்ஸில் படித்துக்கொண்டே கைவைத்த இடம், புத்தகத்தையும் படத்தையும் இணைக்கும் முடிச்சு. அந்தக் கூட்டத்தில் அன்று பேசப்பட வேண்டிய விஷயமே அதுதான். அதைத் தாண்டிப் போய்விட்டார்களே என்று எனக்கு வருத்தமாக இருக்கிறது.

மகேந்திரனே அப்படிப் பேசத் தொடங்கியவர்தான். இளையான்குடிக்காரர். காரைக்குடி அழகப்பா கல்லூரியில் படிக்கும்போது, எம்.ஜி.ஆர். வந்திருந்த விழாவில், அவரை வைத்துக்கொண்டே தமிழ்ப் படங்களில் வாழ்க்கைக்கு ஒட்டாமல் இருப்பதையெல்லாம் எடுத்துச் சொன்னார். எம்.ஜி.ஆர். அந்த மாணவனைப் பாராட்டினார். பின்னாளில் சென்னையில் கூப்பிட்டுத் திரைக்கதை எழுதவும் சொன்னார். எத்தனை படம் பார்த்திருக்கிறாய் என்று கேட்டு உட்கார வைத்திருந்தால் என்னவாகியிருக்கும்?

மதுரைக்கு வந்துபோகிற நீங்கள் மதுரையின் பழைய கதை ஒன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். இறையனார் அகப்பொருள் என்ற பழைய இலக்கண நூலின் உரையில் இருக்கிறது. அந்த நூலுக்குச் சங்கப் புலவர்கள் 49 பேரும் ஆளுக்கொரு உரை எழுதினார்கள். எது மெய்யுரை என்று சொல்ல ஆள் இல்லை. கடைசியில் அந்த வேலை உப்பூரிகுடி கிழார் மகன் உருத்திரசன்மனிடம் வந்தது. ஐந்து வயது. வாய் பேசாத பிள்ளை. அவனைப் பலகையில் ஏற்றி உட்கார வைத்து ஒவ்வொருவராக உரை வாசித்தார்கள். மருதன் இளநாகனார் வாசித்தபோது சில இடங்களில் கண்ணீர் வார்ந்து மெய்சிலிர்த்தான். நக்கீரர் வாசித்தபோது சொல்லுக்குச் சொல் கண்ணீர் வார்ந்தான். அதுவே தீர்ப்பு, எல்லாப் புலவர்களும் ஏற்றுக்கொண்டார்கள். அந்தப் பிள்ளை அதற்கு முன் எத்தனை ஏடு படித்தான் என்று கேட்கவில்லை.

அதே இறையனார் பெயரில் குறுந்தொகையில் இரண்டாம் பாட்டு இருக்கிறது. அதில் தலைவன் தும்பியைப் பார்த்துச் சொல்கிறான்: 'காமம் செப்பாது கண்டது மொழிமோ'. எனக்குப் பிடித்ததைச் சொல்லாதே, நீ கண்டதைச் சொல். ஒரு புத்தகத்தைப் பற்றிப் பேசப்போகும் ஒருவருக்கு எனக்குக் கொடுக்கத் தெரிந்ததெல்லாம் இந்த நான்கு சொல்தான்.

கண்டதைச் சொல்வது என்றால் இடத்தைச் சொல்வது. நன்றாக இருந்தது, போரடித்தது என்று சொன்னால் கேட்பவருக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. எந்தப் பக்கத்தில் புத்தகத்தை மூடிவைத்தீர்கள், எந்தக் காட்சியில் பக்கத்து இருக்கைக்காரரை மறந்தீர்கள் என்று சொல்லுங்கள். பழைய பஸ் டிக்கெட்டை அந்தப் பக்கத்தில் செருகி எடுத்துப் போங்கள். எழுந்து முதலில் அந்த நாலு வரியை வாசியுங்கள், கருத்தை அப்புறம் சொல்லலாம். விமர்சகர்கள் புழங்கும் பெரிய சொற்களை மட்டும் கடன் வாங்க வேண்டாம். உங்கள் பேச்சில் அவை இரவல் நகைபோல உறுத்தும்.

அந்தப் பெரியவர் மேல் கோபம் வேண்டாம். 1948இல் 42 வயதில் மறைந்த புதுமைப்பித்தன் ஏறத்தாழ நூறு கதைகள் எழுதிவிட்டுப் போனார். அவற்றை ஊன்றிப் படித்தவராக அவர் இருந்தால், உங்களுக்கு அவர் வேண்டும். கூட்டம் தொடங்குவதற்கு முன் பக்கத்தில் போய், குழந்தைகளைப் பற்றிப் புதுமைப்பித்தன் எழுதிய கதை வேறு எது, எதைப் படிக்கட்டும் என்று கேளுங்கள். அவர் முகம் மலர்ந்து ஒன்றுக்கு மூன்றாகச் சொல்வார் என்று நினைக்கிறேன். என்னிடம் யாராவது அப்படிக் கேட்டால் நான் வீட்டுக்கே அழைத்துப்போய் அலமாரியைத் திறந்துவிடுவேன்.

கேள்வி: ஒரு பழைய நாவலின் முடிவை நண்பர்களிடம் சொல்லிவிட்டேன். கோபித்துக்கொண்டார்கள். இத்தனை வருடத்துக்குப் பிறகுமா அது ரகசியம்?

- ஒரு வாசகர், மேலூர்

பதில்: இன்றைக்குக் கையில் எடுப்பவருக்கு அது இன்றைக்கு வந்த புத்தகம்தான். முடிவைப் பேசாமல் சில நாவல்களைப் பேசவே முடியாது என்பதும் உண்மை. அப்படியானால் முதலில் சொல்லிவிடுங்கள், படிக்காதவர்கள் வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வரட்டும்.