மாதம் 15,000 வாடகை வருகிற வீட்டை 40 லட்சத்துக்கு வாங்கலாமா?

கேள்வி: ராமநாதபுரம் பக்கம் கடலோர உச்சிப்புளியில் 12 வருடப் பழைய மாடி வீடு விலைக்கு வந்திருக்கிறது. 40 லட்சம் சொல்கிறார்கள். கீழ்வீட்டுக்கு 8,000, மேல்வீட்டுக்கு 7,000 வாடகை. கையில் பணம் இருக்கிறது, கடன் தேவையில்லை. நான் துபாயில் வேலை பார்க்கிறேன். வாங்கிப் போடலாமா?

பதில்: வருட வாடகை 1,80,000. அதை 40 லட்சத்தால் வகுத்து 4.5 சதவீதம் என்று தரகர் சொல்லியிருப்பார். அந்தக் கணக்கில் செலவே இல்லை.

முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். 40 லட்சத்துக்கு 3,60,000 ஆகிறது. அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பு விலையைவிட அதிகமாக இருந்தால் அதன் மேல்தான் கணக்கு. எழுத்துக்கூலி, பட்டா மாற்றம், குடிவைக்கும் முன் சில்லறை வேலைகள் சேர்த்தால் உங்கள் முதல் 45 லட்சம்.

வரவில், வருடத்துக்கு ஒரு மாதம் வீடு காலியாகக் கிடக்கும் என்று 15,000 கழியுங்கள். வீட்டு வரி 6,000, தொட்டி, மோட்டார், பார்த்துக்கொள்கிறவருக்கு 4,000 என்று வைத்துக்கொள்வோம். பராமரிப்புக்குக் கடலோரம் இல்லாத ஊர்களில் கட்டட மதிப்பில் 1 சதவீதம் போதும். உப்புக்காற்று வீசும் இந்தக் கரையில் நாங்கள் 2 சதவீதம் போடுவோம். கட்டடம் 20 லட்சம் என்றால் 40,000. மிச்சம் 1,15,000. வருமானம் 2.6 சதவீதத்துக்கும் கீழே. வங்கி வைப்புநிதி இதைவிட மேல்.

அந்த 40,000 மிகை என்று தோன்றினால் மொட்டைமாடிக்குக் கீழுள்ள கூரையையும் சன்ஷேடின் அடிப்பக்கத்தையும் பாருங்கள். விரிசல் கம்பி ஓடும் வழியிலேயே நேர்கோடாகப் போய், ஓரத்தில் பழுப்புக் கறை இருந்தால் உள்ளே கம்பி துருப்பிடித்திருக்கிறது. துரு ஏறிய கம்பி பருத்து, கான்கிரீட்டை வெளியே தள்ளும். சுத்தியலால் மெல்லத் தட்டினால் அந்த இடம் மட்டும் வெற்றுச் சத்தம் தரும். மேலே வெறும் சிமெண்ட் பூசி விற்பவர்கள் உண்டு. சில மழைக்காலத்தில் மறுபடி பெயர்ந்து விழும். நல்ல கம்பி தெரியும்வரை கொத்தி, துருவைச் சுரண்டி, துருத்தடுப்புப் பூச்சடித்து, பாலிமர் கலவையால் அடைப்பதுதான் சரியான வேலை. கம்பி கால்பங்கு தேய்ந்திருந்தால் புதுக் கம்பி சேர்க்க வேண்டும். கட்டும்போது உவர்நீரில் கலவை போட்டார்களா என்றும் மேஸ்திரியைத் தேடிக் கேளுங்கள். பதில் ‘ஆமாம்’ என்றால் விலை பேசவே வேண்டாம்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு ஒருமுறை போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். சுவரின் அடியில் இரண்டடி உயரத்துக்கு உப்புப் பூத்து, சுண்ணாம்பு உதிர்ந்தால் ஓதம் ஏறுவது தெரிந்துவிடும். புதுப் பெயின்ட் வாசம் வந்தால் இன்னும் உஷார்.

அடுத்தது தண்ணீர். ஆழ்குழாய் நீரை, கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரில் பாருங்கள். குடிநீருக்கு 500 வரை நல்லது. வேறு வழியே இல்லாவிட்டால் 2,000 வரை. அதற்கு மேல் என்றால் குளிக்கவும் துவைக்கவும்தான், குழாய் வால்வும் மோட்டாரும் சீக்கிரம் போகும். காவிரித் தண்ணீர் இணைப்பு இருக்கிறதா, எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள். கோடையில் லாரித் தண்ணீரை நம்பும் வீட்டில் குடியிருப்பவர் நிலைக்க மாட்டார். இரண்டு குடும்பத்துக்கும் தனித்தனி மின்மீட்டர் இருக்கட்டும். ஒரே மீட்டரில் இருவரும் ஓட்டினால் யூனிட் விகிதம் ஏறும், பில் வரும்போதெல்லாம் சண்டையும் வரும்.

பத்திர விஷயம்: 30 வருட வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம், பட்டா மூன்றிலும் பெயரும் சர்வே எண்ணும் ஒத்துப்போக வேண்டும். அடிமனை கோயிலுக்கோ வக்புக்கோ சொந்தமாக இருந்து, கட்டடம் மட்டும் விற்கிறார்களா என்பதையும் வக்கீல் பார்க்கட்டும்.

நீங்கள் வெளிநாட்டில் வசிப்பதால், குடியிருப்பவர் வாடகையில் வரி பிடித்துக் கட்ட வேண்டும். பலருக்கு இது தெரியாது. ஒப்பந்தத்திலேயே எழுதி, கணக்குத் தாக்கல் செய்து அதிகமாகப் பிடித்ததைத் திரும்ப வாங்குங்கள்.

புதிய பாம்பன் ரயில் பாலம் 2025 ஏப்ரலில் திறந்ததைச் சொல்லி விலையை ஏற்றினால், அதனால் உச்சிப்புளி வீட்டு வாடகை எத்தனை ரூபாய் கூடியது என்று கேளுங்கள். 4 சதவீதம் நிகரமாக வேண்டுமானால் எல்லாச் செலவும் சேர்த்து உங்கள் முதல் 28,75,000-க்குள் நிற்க வேண்டும். சொல்லும் விலைக்கு வாங்கினால் அதற்கு மேல் போகிற 16 லட்சத்துச் சொச்சம் மனை விலை ஏறும் என்ற நம்பிக்கைக்குத்தான். அந்த நம்பிக்கை இருந்தால் வெறும் மனையாக வாங்குங்கள். வெள்ளையடிக்கும் செலவாவது மிஞ்சும்.