அசல் பத்திரம் ‘தொலைந்துவிட்டது’ என்கிறார்கள், மனையை வாங்கலாமா?

கேள்வி: செங்கல்பட்டு அருகே ஐந்து சென்ட் காலிமனை ஒன்றை விலை பேசியிருக்கிறோம். விற்பவரின் தந்தை 1994இல் கிரயம் பெற்ற இடம். அவர் இப்போது இல்லை. வில்லங்கச் சான்றில் அடமானம் எதுவும் இல்லை, பட்டா விற்பவர் பெயரில் இருக்கிறது. ஆனால் 1994ஆம் ஆண்டு அசல் பத்திரம் வீடு மாறும்போது தொலைந்துவிட்டதாம். சார்பதிவாளர் அலுவலக நகல் போதும் என்று சொல்லி, தரகர் இந்த வாரமே முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: இந்த வாரம் கொடுக்க வேண்டாம். 1994இல் அப்படியொரு கிரயம் பதிவானது என்பதற்கு மட்டுமே நகல் சாட்சி சொல்லும். அசல் இன்று யார் கையில் இருக்கிறது என்பதைச் சொல்லாது. ‘தொலைந்தது’ என்று என்னிடம் வந்த பத்திரங்களில் பல, கடனுக்கு ஈடாக யாரிடமோ இருந்தவைதான்.

வில்லங்கச் சான்று அதைக் காட்டாதா என்று கேட்பீர்கள். பதிவான ஆவணங்களை மட்டுமே அது காட்டும். பத்திரத்தை ஒப்படைத்துக் கடன் பெறும் உடன்படிக்கையைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்ற நிலை தமிழ்நாட்டில் 2012 டிசம்பரில்தான் வந்தது. இன்றும்கூட, வட்டிக்கு விடும் ஒருவர் புரோநோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு பத்திரத்தைத் தம் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டால், அது எந்தச் சான்றிலும் ஏறாது. வங்கிக் கடன்களை ‘செர்சாய்’ என்ற மத்தியப் பதிவகத்தில் சிறு கட்டணம் செலுத்தித் தேடலாம்; தனியார் வட்டிக்காரர் அங்கேயும் அகப்பட மாட்டார்.

தரகர் எடுத்துக் கொடுத்த வில்லங்கச் சான்றை நம்பாமல் நீங்களே மனுப் போடுங்கள். உதாரணமாக, மனையின் சர்வே எண் இன்று 112/3பி2 என்று உட்பிரிவாகியிருக்கலாம். பழைய பதிவுகள் 112/3 என்ற தாய் எண்ணிலேயே கிடக்கும். புதிய எண்ணை மட்டும் கொடுத்துத் தேடினால் சான்று வெள்ளையாகத்தான் வரும், அந்த வெள்ளைத்தாளைத்தான் உங்களிடம் நீட்டுவார்கள். கிராமம் இடையில் வேறு சார்பதிவகத்துக்கு மாறியிருந்தால், பழைய அலுவலகத்திலும் தேட வேண்டும்.

காவல் நிலையத்தில் ‘கண்டுபிடிக்க இயலவில்லை’ என்ற சான்றும் பத்திரிகை அறிவிப்பும் தாமே ஏற்பாடு செய்து தருவதாகத் தரகர் சொன்னால், ஒப்புக்கொள்ளாதீர்கள். புகாரை விற்பவர் கொடுக்கட்டும். அறிவிப்பை உங்கள் வழக்கறிஞர், அந்த ஊரில் அதிகம் படிக்கப்படும் நாளிதழில், சர்வே எண்ணோடு வெளியிடட்டும். அதனால் கடன் கொடுத்தவரின் உரிமை அழிந்துவிடாது. ஆனால் அசல் இல்லை என்று தெரிந்தும் விசாரிக்காமல் வாங்கியவரை, அடமானம் இருப்பது தெரிந்தே வாங்கியவராகச் சட்டம் கருதக்கூடும். உங்களிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள் என்பதால், பின்னால் ‘எனக்குத் தெரியாது’ என்று நீங்கள் வாதாட முடியாது.

அசல் விற்பவரிடம் இல்லாதது நியாயமாக இருக்கும் சூழல் ஒன்று உண்டு. தந்தையின் சொத்தைப் பிள்ளைகள் பாகப்பிரிவினை செய்துகொள்ளும்போது பத்திரம் ஒன்றுதான், பங்குகளோ பல. ஆகவே பெரிய பங்கு பெற்றவரிடமோ மூத்தவரிடமோ அசல் இருக்கும், மற்றவர்களிடம் நகல் இருக்கும். பதிவான பாகப்பிரிவினைப் பத்திரத்தில் ‘மூல ஆவணம் இன்னார் வசம் உள்ளது’ என்று ஒரு வரி இருந்தால் பயப்பட வேண்டியதில்லை. ஆனாலும் அந்த வரியை மட்டும் நம்பிவிடாமல், அந்த இன்னார் வீட்டுக்கே போய், அசலைக் கையில் வாங்கி, பதிவு எண்ணையும் சார்பதிவாளரின் மேலெழுத்தையும் கைரேகையையும் நகலோடு ஒத்துப் பாருங்கள். ஜெராக்ஸைக் காட்டி அனுப்பினால் பார்த்ததாகாது. அவரும் கடன் வாங்கியிருக்கலாம் அல்லவா? தொலைந்துவிட்டது என்பதும் அண்ணனிடம் இருக்கிறது என்பதும் வேறுவேறு விஷயங்கள். உங்கள் விற்பவர் சொன்னது முதலாவதை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பட்டா உரிமைப் பத்திரம் ஆகாது. தந்தை இந்து என்றால், அவர் சுயமாக வாங்கிய மனையில், உயில் இல்லாதபட்சத்தில், மனைவி, மகன்கள், மகள்கள் எல்லோருக்கும் சம பங்கு உண்டு. பட்டா ஒருவர் பெயருக்கு மாறியதால் சகோதரிகளின் பங்கு மறைந்துவிடாது. வாரிசுச் சான்றைக் கேட்டு வாங்கி, அதிலுள்ள அத்தனை பேரும் கிரயத்தில் கையெழுத்திட வேண்டும் என்று சொல்லுங்கள்.

பதிவாகிவிட்டால் அரசு பொறுப்பேற்கும் என்று பலர் நினைக்கிறார்கள். எழுதிக்கொடுப்பவருக்கு உரிமை உண்டா என்று ஆராய்வது பதிவு அலுவலரின் வேலை அல்ல என்று, முந்தைய அசல் பத்திரத்தைக் காட்டினால்தான் பதிவு என்ற தமிழ்நாட்டின் 55-ஏ விதி பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் கூறிவிட்டது. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று வாங்கிக்கொள்ளும் அரசு, சொத்து யாருடையது என்ற பொறுப்பை மட்டும் உங்கள் தலையிலேயே கட்டுகிறது. இதைத் திருத்துவதற்கு எவருக்கும் அவசரம் இருப்பதாகத் தெரியவில்லை, அவசரமெல்லாம் தரகருக்குத்தான்.

எல்லாம் சரியாக வந்த பிறகு, முன்பணத்தைப் பதிவு செய்த கிரய உடன்படிக்கையின் பேரில், வங்கி வழியாக, வாரிசுகள் அனைவருக்கும் கொடுங்கள். அசல் பின்னால் எவரிடமிருந்தாவது வெளிப்பட்டு இழப்பு நேர்ந்தால் ஈடு செய்வதாக அவர்கள் உறுதிகூறும் பிரிவு கிரயப் பத்திரத்திலேயே இருக்க வேண்டும். அதற்கு ஒருவர் மறுத்தாலும் வேறு மனை பாருங்கள்.