வாசகர் கேள்வி பதில்: பெரிய வண்டி, இரண்டு நாய்கள், இங்கிலாந்துக் கடற்கரை

கேள்வி: 8 மீட்டர் நீள மோட்டார்ஹோம் (வீடு போல உள்ளேயே தங்கும் வண்டி) வாங்கியிருக்கிறோம். நானும் கணவரும், கூடவே இரண்டு லாப்ரடார்களும். ஆகஸ்டில் இரண்டு வாரம், டெவன், கார்ன்வால் கடற்கரை முழுக்க, தினம் ஒரு ஊர் என்று திட்டம். சரியாக வருமா? (வாசகி, லெஸ்டர்)

பதில்: வராது. ஆசையைக் கெடுப்பதற்காகச் சொல்லவில்லை, அந்த இரண்டு நாய்களை நினைத்துத்தான் சொல்கிறேன். இங்கிலாந்தில் கூட்டம் சேரும் கடற்கரைகள் பலவற்றில் மே முதல் செப்டம்பர் வரை நாய்களுக்குத் தடை உண்டு. சில இடங்களில் நாள் முழுக்க, சில இடங்களில் காலை 10 முதல் மாலை 6 வரை மட்டும். ஒரே ஊரில் ஒரு கரையில் தடை இருக்கும், பக்கத்துக் கரையில் இருக்காது. முடிவு செய்வது உள்ளூர் கவுன்சில், மீறினால் அபராதம். தினம் ஒரு ஊர் என்று ஓடினால், தினமும் ஒரு அறிவிப்புப் பலகையைப் படித்துவிட்டு நாய்களைத் திரும்ப வண்டியில் ஏற்றுவதே வேலையாகிவிடும்.

அப்புறம் சாலை. கார்ன்வாலில் கடலை நோக்கி இறங்கும் சந்துகளின் இரு பக்கமும் பச்சைப் புதர் போலத் தெரியும், ஆனால் செடிக்குப் பின்னால் இருப்பது கல் அடுக்கிய கரை. உரசினால் பக்கவாட்டுக் கண்ணாடி போய்விடும், வண்டியின் உடம்பும் கிழியும். எதிரே டிராக்டர் வந்துவிட்டால் யாராவது ஒருவர் பின்னால் போயாக வேண்டும், 8 மீட்டர் வண்டியை வளைவில் பின்னால் எடுக்கும்போது கணவர் இறங்கி நின்று கை காட்டினால்தான் முடியும். காருக்கான சாட்நாவ் (வழிகாட்டும் கருவி) குறுக்குவழி என்று நம்பி உங்களை அங்கேதான் கொண்டுபோய் விடும். வண்டியின் உயரம், அகலம், எடையைக் கேட்டுக்கொண்டு வழி சொல்லும் சாட்நாவ் வாங்குங்கள். உயரத்தை மீட்டரிலும் அடியிலும் ஒரு சீட்டில் எழுதி ஓட்டுநர் கண்ணில் படும்படி ஒட்டி வையுங்கள். தாழ்ந்த பாலத்துக்கு முன்னால் நின்றுகொண்டு யாரும் கணக்குப் போட முடியாது. சாமர்செட் பக்கம் ஏ39 சாலையில் போர்லாக் மேடு இருக்கிறது, 4 அடி போனால் 1 அடி ஏறும் செங்குத்து. அதைத் தொடாமல் எம்5 நெடுஞ்சாலையில் வந்து ஏ361 பிடித்து பார்ன்ஸ்டபிள் போய்விடுங்கள்.

என் யோசனை இதுதான்: இரண்டு வாரத்துக்கு இரண்டே இரண்டு முகாம், மிஞ்சினால் மூன்று. வண்டியை வீடாக நினையுங்கள், ஊர் சுற்றும் வாகனமாக நினைக்காதீர்கள். முகாமிட்டதும் பேருந்து, ரயில், நடை. போல்பெரோ, மவுஸ்ஹோல் போன்ற மீனவ கிராமங்களுக்குள் உங்கள் வண்டியை நுழைக்கவே கூடாது. செயின்ட் ஐவ்ஸ் போக செயின்ட் எர்த் நிலையத்தில் கிளை ரயில் ஏறுங்கள், பாதை கடலை ஒட்டியே போகும், ஒரு பயணி இரண்டு நாய்களைக் கட்டணமில்லாமல் கூட்டிப்போகலாம். கிளவெல்லியிலும் வண்டி மேலேயே நின்றுவிடும், கீழே கூழாங்கல் பாதையில் நடைதான். தேதியை மாற்ற முடிந்தால் அக்டோபர் முதல் வாரத்துக்கு மாற்றுங்கள். தடைகள் பெரும்பாலும் முடிந்திருக்கும், கடலும் அதற்குள் அவ்வளவு குளிர்ந்திருக்காது.

கேள்வி: என் லைசன்ஸில் எவ்வளவு பெரிய வண்டி ஓட்டலாம்? (வாசகர், ஹாரோ)

பதில்: பிரிட்டனில் 1997 ஜனவரி 1-க்கு முன் கார் தேர்வில் தேறியிருந்தால் பொதுவாக 7,500 கிலோ வரை ஓட்டலாம். ஆனால் 70 வயதில் புதுப்பிக்கும்போது மருத்துவச் சான்று கொடுக்காவிட்டால் அந்தத் தகுதி போய்விடும். பிறகு தேறியவர்களுக்கு 3,500 கிலோதான், அதற்கு மேல் வேண்டுமென்றால் தனித் தேர்வு எழுத வேண்டும்.

இந்த 3,500 என்பது வண்டி, ஆள், நாய், சாமான் எல்லாம் சேர்த்து. தொட்டியில் 100 லிட்டர் தண்ணீர் பிடித்தால் அதுவே 100 கிலோ, வளர்ந்த லாப்ரடார் ஒன்று 30 கிலோ, அப்புறம் கேஸ் சிலிண்டர், பந்தல் துணி, சைக்கிள், நாய்த் தீவனம் என்று போனால் அனுமதித்த எடை சீக்கிரமே தீர்ந்துவிடும். விரலுக்கேற்ற வீக்கம் வேண்டும். முழுதாக ஏற்றிக்கொண்டு ஒரு எடை மேடைக்குப் போய்ப் பாருங்கள், தண்ணீரை முகாமுக்குப் போய்ப் பிடித்துக்கொள்ளலாம். வழியில் பிடித்து அதிக எடை என்று கண்டால் அபராதம் மட்டுமில்லை, வண்டியை அங்கேயே நிறுத்திவைக்கவும் அதிகாரம் உண்டு. வெற்று எடையே 3.05 டன்னைத் தாண்டும் வண்டியென்றால், நடுவில் பிரிப்பில்லாத சாலையில் வேகம் மணிக்கு 60 மைல் அல்ல, 50 மைல்.

கேள்வி: கடற்கரை கார் நிறுத்தத்திலேயே இரவு தூங்கிவிடலாமா? நாய்களை வண்டியில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகலாமா? (வாசகி, மில்டன் கீன்ஸ்)

பதில்: முதல் கேள்விக்கு, பொதுவாகக் கூடாது. இடத்துக்காரர் அனுமதி இல்லாமல் தங்க இங்கிலாந்தில் உங்களுக்கு உரிமை கிடையாது, கடற்கரை கார் நிறுத்தங்கள் பலவற்றில் வாசலிலேயே உயரத் தடுப்புக் கம்பி இருக்கும். பெரிய முகாம்களின் கூட்டம் பிடிக்காவிட்டால் காரவன் அண்ட் மோட்டார்ஹோம் கிளப்பில் உறுப்பினராகுங்கள். 5 வண்டிகளுக்கு மேல் அனுமதிக்காத சின்னச் சின்ன இடங்கள், பல பண்ணைகளில், அவர்களிடம் இருக்கின்றன. நாய்களுக்கு அங்கே நிம்மதி. பதிவு செய்யும்போதே எத்தனை நாய் என்று சொல்லிவிடுங்கள்.

இரண்டாவதற்கு, வெயில் நாளில் வேண்டவே வேண்டாம். இங்கிலாந்து வெயில் நம் ஊர் வெயிலா என்று நம்மில் பலர் சாதாரணமாக நினைக்கிறோம். வெளியே 22 டிகிரி இருந்தாலே மூடிய வாகனத்துக்குள் ஒரு மணி நேரத்தில் 47 டிகிரியைத் தொடலாம் என்று ஆர்எஸ்பிசிஏ என்ற விலங்கு நல அமைப்பு எச்சரிக்கிறது. மேலே ஃபேன் ஓடுகிறதே என்பீர்கள். மின்சாரம் போனால் அது நிற்கும், நீங்கள் அருகில் இல்லை. நாயை உள்ளே விடும் பப்கள் கடலோரத்தில் நிறைய உண்டு, இல்லையென்றால் மீனும் சிப்ஸும் வாங்கிக்கொண்டு சுவரில் உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

கேள்வி: நீங்கள் போவதென்றால் எந்தக் கரை? (வாசகர், குராய்டன்)

பதில்: நார்த்தம்பர்லாண்ட், யோசிக்காமல் சொல்வேன். பாம்பரோ கோட்டைக்குக் கீழே மணல் நீண்டு கிடக்கும், எம்பிள்டன் விரிகுடாவிலிருந்து டன்ஸ்டன்பரோ கோட்டை இடிபாடுவரை நாயோடு நடந்துகொண்டே இருக்கலாம், கார்ன்வாலில் இருக்கும் நெரிசல் அங்கே இல்லை. பாம்பரோவுக்கும் எம்பிள்டனுக்கும் நடுவில் லாங் நானி என்ற இடத்தில் கோடையில் ஆலாப் பறவைகள் மணலிலேயே முட்டையிடும், அங்கே நாயைக் கயிற்றில் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு நாய் ஒரு தடவை குறுக்கே ஓடினால் போதும், தாய்ப் பறவைகள் எழும்பிவிடும், முட்டை குளிர்ந்துவிடும்.

அதே கரையில் ஹோலி ஐலண்ட் என்ற தீவுக்குப் போகும் சாலை நாளுக்கு இரண்டு தடவை கடலுக்குள் போய்விடும். பாதுகாப்பாகக் கடக்கும் நேரங்களைக் கவுன்சில் வெளியிடுகிறது, அதைப் பார்க்காமல் போய் மாட்டிக்கொள்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். வண்டி கனமானது, மிதக்காது என்று எண்ண வேண்டாம். நேரம் முடியும் முன்பே திரும்பிவிடுங்கள்.

கேள்வி: கடற்கரையில் நாய்க்கு என்ன ஆபத்து? (வாசகி, சவுத்தால்)

பதில்: மணற்குன்றுகளில் ஆடர் என்ற விரியன் இருக்கும், பிரிட்டனின் ஒரே விஷப்பாம்பு. கடித்துவிட்டால் கட்டுப்போடுவது, கீறுவது எதுவும் வேண்டாம். நாயை நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போங்கள். தெற்குக் கரைகளில் சில நேரம் மெழுகு போல வெள்ளைக் கட்டிகள் ஒதுங்கும், கப்பல்களிலிருந்து வந்த பாமாயில், நாய்கள் ஆசையாகத் தின்று கடுமையாக நோய்வாய்ப்படும்.

எல்லாவற்றையும்விட நான் பயப்படுவது செங்குத்துப் பாறைகளுக்குத்தான். பீச்சி ஹெட், செவன் சிஸ்டர்ஸ் பக்கமெல்லாம் சுண்ணாம்புப் பாறை, விளிம்பு எப்போது வேண்டுமானாலும் இடியும், கடற்காக்கையைத் துரத்தும் நாய்க்கு விளிம்பு தெரியாது. அங்கே கயிறு கழற்றவே கூடாது. விழுந்துவிட்டால் நீங்கள் இறங்கப் பார்க்காதீர்கள், 999 அழைத்து கோஸ்ட்கார்ட் என்று கேளுங்கள். நாய்க்காகவும் வருவார்கள்.