கருந்திரைக்குப் பின் மந்தமான திரை: லினக்ஸ் மடிக்கணினியில் கிராபிக்ஸ் டிரைவர் சிக்கலைப் பிரித்துப் பார்ப்பது எப்படி?

கேள்வி: என் மடிக்கணினியில் இன்டெல், என்விடியா என இரண்டு கிராபிக்ஸ் சிப்கள் உள்ளன. உபுண்டு நீண்ட நாளாகச் சிக்கலின்றி ஓடிக்கொண்டிருந்தது. அண்மையில் ஓர் அப்டேட்டுக்குப் பிறகு கணினியைத் திரும்பத் துவக்கியபோது திரை கறுப்பாகவே நின்றுவிட்டது. எங்கோ படித்ததை வைத்து, துவக்க வரியில் 'நோமோட்செட்' என்ற சொல்லை நிரந்தரமாகச் சேர்த்தேன். திரை வந்தது. ஆனால் எல்லாம் மந்தமாக இருக்கிறது, விசிறி ஓயாமல் சுற்றுகிறது, வெளித்திரையைக் கணினி கண்டுகொள்ளவில்லை, வெளிச்சத்தைக் குறைக்கும் விசையும் வேலை செய்யவில்லை. என்விடியா தளத்திலிருந்து டிரைவரை எடுத்துப் பலமுறை நிறுவியும் பயனில்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டு உபுண்டுவைப் புதிதாக நிறுவுவதுதான் வழியா?

பதில்: வேண்டாம். புதிதாக நிறுவினாலும் காரணம் தெரியாமல்தான் இருக்கும். கெர்னல் என்பது லினக்ஸின் மையப் பகுதி; அதன் அடுத்த அப்டேட்டில் இதே இடத்துக்கு வந்து நிற்க வாய்ப்புண்டு.

நீங்கள் ஐந்து கோளாறுகளைச் சொல்லியிருக்கிறீர்கள். அவற்றில் கருந்திரை ஒன்றுதான் அப்டேட் தந்தது. மற்ற நான்கும் நீங்கள் சேர்த்த 'நோமோட்செட்' தருபவை. அந்தச் சொல், திரையின் அளவையும் நிறத்தையும் கெர்னல் தானே அமைப்பதைத் தடுக்கிறது. அதைப் பார்த்ததும் இன்டெலின் ஐ915, ஏஎம்டியின் ஏஎம்டிஜிபியு, என்விடியாவுக்கான கட்டற்ற டிரைவரான நூவோ (nouveau) ஆகிய மூன்றும் ஒதுங்கிக்கொள்ளும். உங்கள் கண்முன் இருப்பது, துவக்கத்தின்போது ஃபர்ம்வேர் (கணினிப் பலகையிலேயே பதிந்துள்ள மென்பொருள்) வரைந்து விட்டுப்போன வெறும் சட்டகம். அதற்குள் ஒவ்வொரு புள்ளியையும் பிராசசரே கணக்கிட்டு வரைகிறது. மெசா என்ற கட்டற்ற கிராபிக்ஸ் தொகுப்பில் 'எல்எல்விஎம்பைப்' என்ற பகுதி செய்யும் வேலை அது. மந்தமும் விசிறிச் சத்தமும் அதனால்தான். வெளிச்சக் கட்டுப்பாடு இன்டெல் டிரைவரின் பொறுப்பு. அது ஏறவே இல்லை என்பதால் விசை வேலை செய்யவில்லை. வெளித்திரையைக் கண்டுபிடிக்கவும் ஆளில்லை.

கருந்திரையில் மாட்டிக்கொண்டவர்களுக்கு உள்ளே நுழைய ஒரு வழி காட்டும் அளவில் 'நோமோட்செட்' நல்ல கருவிதான். அதை நிரந்தரமாக்கச் சொல்லும் அறிவுரைகள்தான் எனக்கு எரிச்சலூட்டுகின்றன.

கீழே கட்டளைகளின் பெயர்களை ஒலிப்பின்படி தமிழில் எழுதுகிறேன். டெர்மினலில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் அடித்துக்கொள்ளுங்கள்.

முதலில் இன்டெல் பக்கம் நலமாக இருக்கிறதா என்று பார்ப்போம். இரண்டு சிப்கள் உள்ள பெரும்பாலான மடிக்கணினிகளில் உள்திரை இணைந்திருப்பது இன்டெல் சிப்புடன்தான். கணினியைத் துவக்கும்போது எஸ்கேப் விசையை ஒருமுறை தட்டினால் கிரப் என்ற துவக்க நிரலின் மெனு வரும். அதில் உபுண்டு வரியின் மேல் நின்று 'ஈ' எழுத்தை அழுத்துங்கள். 'லினக்ஸ்' எனத் தொடங்கும் நீளமான வரியின் இறுதியில் உள்ள 'நோமோட்செட்'டை அழித்துவிட்டு, அதே இடத்தில் 'மோட்புரோப்.பிளாக்லிஸ்ட்=நூவோ' என்று இடைவெளியின்றிச் சேர்த்து, எஃப்10 அழுத்துங்கள். இந்த மாற்றம் ஒரே ஒரு துவக்கத்துக்கு மட்டுமே. தவறினாலும் எதுவும் கெடாது. இதில் திரை தெளிவாக வந்து, வெளிச்ச விசையும் வேலை செய்தால் இன்டெல் பக்கம் குற்றமற்றது. என்விடியா சிப்பை நூவோ கைப்பற்றப் போய்ப் பாதியில் நின்றதுதான் உங்கள் கருந்திரைக்குக் காரணம் என்று அப்போது சந்தேகிக்கலாம். என்விடியாவின் சொந்த டிரைவர் சரியாக அமர்ந்திருக்கும் கணினியில் நூவோ தலைகாட்டாது.

அப்போதும் திரை கறுப்பாகவே இருந்தால் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். எழுத்துத் திரை வந்தால் கெர்னல் உயிரோடுதான் இருக்கிறது, வரைகலைத் தளம்தான் விழுந்திருக்கிறது என்று பொருள். அங்கே முதலில் 'ஈடிசி' அடைவுக்குள் உள்ள 'எக்ஸ்11' கோப்புறையில் (இதில் எக்ஸ் மட்டும் பெரிய எழுத்து) 'எக்ஸ்ஆர்க்.கான்ஃப்' என்ற கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள். என்விடியா தளத்திலிருந்து எடுத்த நிறுவி, இறுதியில் எக்ஸ் அமைப்பை மாற்றி எழுதட்டுமா என்று கேட்கும். ஆம் என்று சொல்லியிருந்தால் அது எழுதிய கோப்பு இது. இன்டெல் சிப்பையே கணக்கில் எடுக்காமல் என்விடியாவை மட்டும் தேடச் சொல்வது அதன் வழக்கம். இப்படிப்பட்ட மடிக்கணினிக்கு இந்தக் கோப்பே தேவையில்லை. அழிக்காமல் வேறு பெயருக்கு மாற்றி வையுங்கள்.

உள்ளே வந்தபின் 'எல்எஸ்பிசிஐ -கே' என்ற கட்டளையைக் கொடுங்கள். என்விடியா சிப்பின் கீழ் 'பயன்பாட்டில் உள்ள கெர்னல் டிரைவர்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருக்க வேண்டும். அங்கே 'என்விடியா' என்று இருந்தால் டிரைவர் அமர்ந்துவிட்டது, கோளாறு வேறெங்கோ. உங்கள் கணினியில் அந்த வரியே இருக்காது என்பது என் ஊகம். நீங்கள் பலமுறை நிறுவியது வட்டில் இருக்கிறது. சிப்பை எடுத்து நடத்த யாரும் இல்லை.

ஏன் என்று கெர்னலிடமே கேட்டுவிடலாம். 'சூடோ மோட்புரோப் என்விடியா' என்று கையால் ஏற்றிப் பாருங்கள். வரும் பிழைச் செய்தியை முழுமையாகப் படியுங்கள். இந்த விவகாரத்தில் அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

மாட்யூல் (கெர்னலில் ஏற்றப்படும் டிரைவர்த் துண்டு) காணப்படவில்லை என்று சொன்னால், இப்போது ஓடும் கெர்னலுக்கென டிரைவர் கட்டப்படவில்லை. என்விடியா மாட்யூல் ஒவ்வொரு கெர்னல் பதிப்புக்கும் தனியாகத் தேவைப்படுகிறது. டிகேஎம்எஸ் என்ற அமைப்பு இதைத் தானே கட்டிக்கொள்ளும், ஆனால் அந்தக் கெர்னலின் ஹெட்டர் பொதி, அதாவது மாட்யூல் கட்டத் தேவையான கோப்புகளின் தொகுப்பு, இருந்தால்தான். 'லினக்ஸ்-ஹெட்டர்ஸ்-ஜெனரிக்' என்ற பொதியை நிறுவி வைத்தால், பொதுவான கெர்னலை அப்டேட் செய்யும்போதெல்லாம் ஹெட்டரும் கூடவே வரும். ஃபெடோரா லினக்ஸ் பயனர்களுக்கு ஒரு சொல்: அங்கே ஏகேமாட்ஸ் இதே வேலையைப் பின்னணியில் சில நிமிடங்கள் எடுத்துச் செய்கிறது. அப்டேட் முடிந்த கையோடு கணினியைத் திரும்பத் துவக்குபவர்களுக்குத்தான் அங்கே கருந்திரை அதிகம் வாய்க்கிறது.

சாவி நிராகரிக்கப்பட்டது என்ற பொருளில் செய்தி வந்தால் காரணம் செக்யூர் பூட் என்ற துவக்கப் பாதுகாப்பு. தளத்திலிருந்து நேரடியாக நிறுவிய உங்கள் விஷயத்தில் நான் பந்தயம் கட்டுவது இதன்மேல்தான். செக்யூர் பூட் இயங்கும்போது, நம்பகமான கையொப்பம் இல்லாத மாட்யூலைக் கெர்னல் ஏற்க மறுக்கும். தளத்திலிருந்து எடுத்த, 'ரன்' என முடியும் அந்தக் கோப்பு, கையொப்பச் சாவியை நீங்கள் கொடுக்காவிட்டால் கையொப்பமில்லாத மாட்யூலையே கட்டும். எத்தனை முறை நிறுவினாலும் அதே மறுப்புதான் வரும்.

பொதிகள் வழியாக நிறுவியவர்கள் இடறுவது வேறோர் இடத்தில். டிகேஎம்எஸ் மாட்யூலைக் கட்டும்போது புதிய சாவி ஒன்று உருவாகி, நிறுவும் நேரத்தில் உங்களிடம் ஒரு கடவுச்சொல் கேட்கப்படும். அடுத்த துவக்கத்தில் நீல நிறத் திரை ஒன்று சில நொடிகள் தோன்றும். அதில் ஒரு விசையை அழுத்தி உள்ளே போய், 'என்ரோல் மோக்' என்ற தேர்வை எடுத்து, அதே கடவுச்சொல்லைக் கொடுத்தால்தான் சாவி பதிவாகும். ஏதோ பிழைத் திரை என்று நினைத்து விட்டுவிடுபவர்கள் ஏராளம். விட்டுவிட்டால் அது தானாக மறுபடி வராது. 'மோக்யூட்டில்' கட்டளையின் 'இம்போர்ட்' தேர்வைக் கொண்டு சாவிக் கோப்பை மீண்டும் பதிவுக்குக் கொடுக்க வேண்டும். உபுண்டுவில் அந்தக் கோப்பு 'வார்', 'லிப்', 'ஷிம்-சைன்ட்', 'மோக்' என்று ஒன்றுக்குள் ஒன்றாக உள்ள அடைவுகளின் முடிவில் இருக்கும்.

செக்யூர் பூட்டையே அணைத்துவிடலாமே என்பீர்கள். காரணம் அதுதானா என்று பார்க்க அரை மணி நேரம் அணைத்து வைப்பதில் தவறில்லை. ஆனால் அதே கணினியில் பிட்லாக்கர் என்ற வட்டுப் பூட்டு போட்ட விண்டோஸ் இருந்தால், அடுத்த முறை அது மீட்புச் சாவியைக் கேட்டு நிற்கக்கூடும். அதைக் கையில் வைத்துக்கொண்டு அணையுங்கள்.

மூன்றாவது செய்தி, அப்படிப்பட்ட சாதனம் இல்லை என்பது. டிரைவர் ஏறுகிறது, ஆனால் தனக்குரிய சிப்பைக் காணவில்லை. பெரும்பாலும் பதிப்புப் பொருத்தம்தான் காரணம். ஃபெர்மி தலைமுறைச் சிப்களுக்கு 390 வரிசையோடும், கெப்ளருக்கு 470 வரிசையோடும், மேக்ஸ்வெல், பாஸ்கலுக்கு 580 வரிசையோடும் டிரைவர் ஆதரவு நின்றுவிடுகிறது. மறுமுனையில், பிளாக்வெல் தலைமுறைச் சிப்கள் என்விடியா 2022இல் வெளியிடத் தொடங்கிய திறந்த மூல மாட்யூல்களோடு மட்டுமே வேலை செய்யும். பொதியின் பெயரில் 'ஓப்பன்' இருக்க வேண்டும். ஆகப் புதிய டிரைவர்தான் சிறந்தது என்ற எண்ணம் இங்கே உதவாது.

காரணம் எதுவாயினும், உங்கள் கணினியில் முதலில் இடத்தைத் துப்புரவாக்க வேண்டும். 'ரன்' கோப்பால் நிறுவியதை 'என்விடியா-அன்இன்ஸ்டால்' கட்டளையால் நீக்குங்கள். பிறகு 'என்விடியா' என்றும் 'லிப்என்விடியா' என்றும் தொடங்கும் பொதிகளை உபுண்டுவின் பொதி நிர்வாகியான ஏபிடியின் 'பர்ஜ்' மூலம் அகற்றுங்கள். ஒப்புதல் கேட்கும்போது பட்டியலைப் படித்துவிட்டு ஆம் சொல்லுங்கள். திரைத்தளத்தின் பொதிகளும் சேர்ந்து போவதாகத் தெரிந்தால் நிறுத்திவிடுங்கள். பின்னர் 'சூடோ உபுண்டு-டிரைவர்ஸ் இன்ஸ்டால்'. இது உங்கள் சிப்புக்குரிய வரிசையைத் தானே தேர்ந்தெடுக்கும். இதில் இன்னொரு நன்மை உண்டு: உபுண்டுவின் பொதுவான கெர்னல்களுக்கு, முன்கூட்டியே கட்டிக் கையொப்பமிட்ட என்விடியா மாட்யூல்கள் கிடைக்கின்றன. அவை நிறுவப்பட்டால் ஹெட்டர் தொல்லையும் இல்லை, நீலத்திரைத் தொல்லையும் இல்லை.

கடைசியாக, 'ஈடிசி' அடைவின் 'டீஃபால்ட்' கோப்புறையிலுள்ள 'கிரப்' கோப்பைத் திறந்து 'நோமோட்செட்'டை நீக்கி, 'சூடோ அப்டேட்-கிரப்' கொடுத்துக் கணினியைத் திரும்பத் துவக்குங்கள். இதை மறந்தால் மேலே செய்த அத்தனையும் வீண்.

சரியானதா என்று அறிய 'என்விடியா-எஸ்எம்ஐ' கொடுங்கள். சிப்பின் பெயரோடு அட்டவணை வந்தால் டிரைவர் பேசுகிறது. டிரைவரும் நூலகமும் பதிப்பில் பொருந்தவில்லை என்று வந்தால், திரும்பத் துவக்காமல் சோதிக்கிறீர்கள் அல்லது பழைய நிறுவலின் மிச்சம் இன்னும் இருக்கிறது. அடுத்து, 'மெசா-யூட்டில்ஸ்' பொதியை நிறுவி 'ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ' கட்டளையின் வெளியீட்டில் ரெண்டரர் என்ற வரியைப் பாருங்கள். அங்கே 'எல்எல்விஎம்பைப்' இருக்கவே கூடாது. இன்டெல் பெயர் இருந்தால் கவலை வேண்டாம். 'ஆன்-டிமாண்ட்' முறையில் அன்றாட வேலைகளை இன்டெல் பார்த்துக்கொள்ளும், பேட்டரியும் மிஞ்சும். கனமான மென்பொருளை மட்டும் 'பிரைம்-ரன்' என்ற முன்னொட்டோடு இயக்கினால் அது என்விடியாவுக்குப் போகும்.

வெளித்திரையையும் இப்போது இணைத்துப் பாருங்கள். பல மடிக்கணினிகளில் ஹெச்டிஎம்ஐ வாய் நேரடியாக என்விடியா சிப்போடு இணைந்திருக்கிறது. அப்படிப்பட்ட கணினியில் உள்திரை அழகாக வந்து வெளித்திரை மட்டும் வரவில்லை என்றால், கேபிளைக் குறை சொல்வதற்கு முன் 'பிரைம்-செலக்ட் குவெரி' கொடுத்துப் பாருங்கள். விடை 'இன்டெல்' என்று வந்தால் என்விடியா சிப் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. 'சூடோ பிரைம்-செலக்ட் ஆன்-டிமாண்ட்' கொடுத்துத் திரும்பத் துவக்கினால் போதும்.

இத்தனைக்கும் பிறகு கருந்திரை திரும்பினால், கிரப் மெனுவின் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' பகுதியில் உள்ள முந்தைய கெர்னலில் நுழையுங்கள். அங்கே 'ஜர்னல்சிடிஎல் -கே -பி -1' கொடுத்தால், அதற்கு முன் தோற்றுப்போன துவக்கத்தின் கெர்னல் பதிவு கிடைக்கும். என்விடியா, என்விஆர்எம் (என்விடியா டிரைவர் பதிவில் இடும் பெயர்), ஐ915 என்ற பெயர்கள் வரும் வரிகளை மட்டும் எடுத்து, 'எல்எஸ்பிசிஐ -கே' வெளியீட்டோடு சேர்த்து அனுப்புங்கள், மேலே பார்க்கலாம்.