வாத்து இருக்கிறது, முட்டை எங்கே?

கேள்வி: வீட்டுச் செலவுக்கு ஆகுமே என்று காக்கி கேம்பெல் இன வாத்துக் குஞ்சுகள் 20 வாங்கி வளர்த்தேன். ஏழு மாதம் ஆகிறது, ஒன்றுகூடச் சாகவில்லை. விடிந்ததும் திறந்துவிட்டால் குளம், வயல் என்று மேய்ந்துவிட்டு இருட்டும்போது வந்துவிடும். ஆனால் தினமும் நாலைந்து முட்டைதான் கிடைக்கிறது. இன்னும் 30 குஞ்சு வாங்கினால் கட்டுப்படியாகுமா?

பதில்: குஞ்சு வாங்குவதை இப்போதைக்குத் தள்ளிப்போடுங்கள். உங்களிடம் இருக்கும் வாத்துகளே இதைவிடக் கூடுதலாக முட்டை இட்டுக்கொண்டிருக்கலாம், உங்கள் கைக்குத்தான் வரவில்லை.

வாத்து பெரும்பாலும் பின்னிரவிலிருந்து காலை 9 மணிக்குள் முட்டையிடும். கோழி மாதிரி கூடு தேடி வந்து உட்காராது, நின்ற இடத்திலேயே போட்டுவிட்டுப் போகும். விடிந்ததும் திறந்தால் பாதி முட்டை குளத்துச் சேற்றுக்கும் வரப்போரக் கீரிக்கும் போய்விடும். நாளையிலிருந்து 9 மணிக்கு மேல் திறந்துவிடுங்கள். சத்தம் போடும், போடட்டும். அதுவரை பட்டிக்குள் தண்ணீர் இருக்க வேண்டும். தரையில் உலர்ந்த வைக்கோல் பரப்புங்கள், முட்டை அழுக்காகாது.

அப்புறம், எத்தனை பெட்டை என்று எண்ணினீர்களா? ஆண் பெண் பிரிக்காமல் வாங்கிய குஞ்சில் ஏறக்குறையப் பாதி ஆணாக இருக்கும். வால் மேல் இரண்டொரு இறகு மேல்நோக்கிச் சுருண்டு, குரல் கரகரவென்று அமுங்கி வந்தால் அது ஆண். ஊரைக் கூட்டுவது பெட்டை. குஞ்சு பொரிக்க நினைத்தால் ஆறேழு பெட்டைக்கு ஓர் ஆண் போதும். முட்டை விற்க மட்டும் என்றால் ஆணே தேவையில்லை. மிச்சத்தைக் கறிக்கு விற்றுவிடுங்கள், தீனியாவது மிஞ்சும்.

மேய்ச்சலில் நத்தை, புழு, சிந்திய நெல் கிடைக்கும் மாதங்களில் செலவு குறைவு. மற்ற நாட்களில் மாலையில் தவிடு, உடைத்த தானியம், பிண்ணாக்கு கலந்து நனைத்துக் கொடுங்கள், உலர்ந்த மாவு தொண்டையில் அடைக்கும். கிளிஞ்சல் தூளும் சேர்த்தால் ஓடு கெட்டியாகும். ஒன்றில் மட்டும் கறாராக இருங்கள்: பூசணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கு கூடவே கூடாது. அதில் உண்டாகும் அஃப்ளடாக்சின் நஞ்சைக் கோழியைவிட வாத்து மிகக் குறைவாகவே தாங்கும். பூச்சிமருந்து அடித்த வயலிலும் விடாதீர்கள்.

வாத்து பிளேக் என்ற தொற்றுநோய்க்குத் தடுப்பூசி போடவில்லை என்றால் கால்நடை மருத்துவரிடம் கேட்டுப் போட்டுவிடுங்கள். அந்த நோய் வந்துவிட்டால் பட்டியே காலியாகும்.

ஒரு மாதம் தினமும் முட்டையை எண்ணி எழுதுங்கள். பெட்டைகளில் பாதிக்கு மேல் தினமும் இட்டு, தீனிச் செலவு போக மிச்சமும் நின்றால் 30 என்ன, தாராளமாக வாங்கலாம். ஆனால் பெட்டைக் குஞ்சாகக் கேட்டு வாங்குங்கள்.