ஐப்பசி மழையும் பீரோ வாடையும்

கேள்வி: எங்களுடையது பழைய ஓட்டு வீடு. ஐப்பசி பிறந்துவிட்டால் பீரோவைத் திறந்ததும் மக்கிய வாடை குப்பென்று அடிக்கிறது. கடையில் வாங்கிய ஸ்ப்ரேயை அடித்தால் மாமியாருக்குத் தலைவலி வருகிறது. மல்லிகையைக் காயவைத்துத் துணியில் கட்டிப் புடவைகளுக்கு நடுவே வைத்தேன். ஒரே வாரத்தில் அதுவே நாற்றமெடுத்துவிட்டது. வீட்டிலேயே செய்ய வழி உண்டா?
- வாசகி, திருவாரூர் மாவட்டம்

பதில்: அன்புச் சகோதரிக்கு,

மல்லிகை விஷயத்தில் உங்கள் கைப்பிசகு ஒன்றுமில்லை. மொக்கு விரிகிற இரவில்தான் அது மணத்தை உண்டாக்கி வெளியே விடும். வாடியபின் மணம் மிஞ்சாது. மழைக்காலத்தில் ஈரத்தை வாங்கிப் பூசணம் பிடிக்கும். காய்ந்தும் மணக்க வேண்டுமென்றால் வேரிலோ இலையிலோ எண்ணெய் தங்குகிற சரக்கு வேண்டும். தஞ்சாவூர்க் கதம்பத்தையே பாருங்கள்: பூக்கள் வாடிய மறுநாளும் அதிலுள்ள மருவும் மரிக்கொழுந்தும் வெட்டிவேரும் மணந்துகொண்டிருக்கும்.

அதற்கு முன் ஈரத்தை விரட்டியாக வேண்டும். மக்கிய வாடை பூசணத்திலிருந்து வருவது. அதன்மேல் எந்த வாசனையைப் போட்டாலும் இரண்டும் கலந்து இன்னும் மோசமாகும். வெயில் முகம் காட்டுகிற நாளில் பீரோவைக் காலிசெய்து, உட்புறத்தைக் காய்ந்த துணியால் துடைத்து, சாயங்காலம்வரை திறந்து வையுங்கள். சுவரை ஒட்டாமல் நாலு விரற்கடை தள்ளிப் போடுங்கள். கீழ்த்தட்டில் ஒரு பீங்கான் கிண்ணத்தில் கால் கிலோ கல் உப்பு வையுங்கள்; வேதாரண்யத்து உப்பே போதும். அது கசிந்தால் ஈரத்தை இழுக்கிறது என்று அர்த்தம். நீரை வடித்து, வாணலியில் வறுத்து, ஆறியதும் மறுபடி வைக்கலாம். உப்புநீர் இரும்புத் தட்டில் சிந்தினால் துருப்பிடிக்கும், கவனம்.

இனி பீரோவில் தொங்கவிடுகிற வாசனை முடிப்பு. நாட்டு மருந்துக் கடையில் 50 கிராம் வெட்டிவேர் வாங்கி, தண்ணீரில் அலசுங்கள். முதல் தண்ணீர் ஆற்றுவண்டல் போலக் கலங்கிவரும். தெளிந்துவரும்வரை இரண்டு மூன்று முறை மாற்றுங்கள். ஊறப்போட வேண்டாம். நிழலில் இரண்டு நாள் காயட்டும். கடும் வெயிலில் போட்டால் எண்ணெய் பறந்துவிடும். ஒரு வேரை எடுத்து வளைத்தால் படக்கென்று ஒடிய வேண்டும். துவண்டால் ஈரம் இருக்கிறது, இன்னொரு நாள் விடுங்கள். பெரும்பாலும் இந்த இடத்தில் அவசரப்பட்டுத்தான் முடிப்பு கெடுகிறது. ஒடிகிற பதம் வந்ததும் இரண்டு அங்குலமாக நறுக்கி, நிழலில் உலர்ந்த மரிக்கொழுந்து ஒரு கைப்பிடி, ஒன்றிரண்டாக இடித்த கிராம்பு 10, விரல் நீளப் பட்டை ஒன்று சேர்த்துக் கலந்தால் நாலு முடிப்பு வரும். பழைய பருத்தி வேட்டித் துணியில் கட்டுங்கள். பாலித்தீன் பையில் மணம் வெளிவராது. கிராம்பு எண்ணெய் கறை பிடிக்கும், அதனால் பட்டுப் புடவைமேல் வைக்காமல் ஆணியிலோ ஹாங்கரிலோ தொங்கவிடுங்கள். மணம் மங்கினால் உள்ளங்கையில் வைத்துக் கசக்குங்கள், மறுபடி எழும்பும். பச்சைக் கற்பூரம் சேர்க்கலாம்தான். ஆனால் சிறு குழந்தை வாயில் போட்டுவிட்டால் வலிப்புவரை போகும். குழந்தைகள் உள்ள வீட்டில் அது வேண்டவே வேண்டாம்.

கூடத்துக்கு ஸ்ப்ரேதான் வேண்டுமென்றால், கால் லிட்டர் கொதிநீரில் 20 கிராம் வெட்டிவேரை இரவு மூடிவைத்து, காலையில் வடிகட்டி, தெளிப்பான் புட்டியில் ஊற்றுங்கள். மூன்று நாளுக்குமேல் வைக்காதீர்கள், புளித்துவிடும். வெள்ளைத் திரைச்சீலையில் பழுப்புக் கறை விழும், ஆகவே தரையிலும் கதவோரத்திலும் தெளித்தால் போதும். இதை மழை விட்ட நாளில் செய்யுங்கள். அடைமழையில் வீட்டுக்குள் இன்னும் ஈரம் ஏற்றுவானேன்?

சமையலறையில் மீன் வாடை நின்றால், கொஞ்சம் புளித்தண்ணீரோ எலுமிச்சைச் சாறோ தொட்டு மேடையைத் துடையுங்கள். புளிப்பு அந்த வாடையைக் கட்டிவிடும். அதன்பின் கழுவினால் போய்விடும். கல் மேடை பளிங்காக இருந்தால் புளிப்பு அரித்துவிடும், அங்கே சோப்புத் தண்ணீரே போதும்.

உங்கள் மாமியாருக்கு வெட்டிவேர் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். ஆனாலும் அவர் படுக்கிற அறையில் முதல் நாளே நாலு முடிப்பைத் தொங்கவிடாமல், ஒன்றை மட்டும் வைத்து இரண்டு நாள் பாருங்கள். சாம்பிராணி போடுவதாக இருந்தால், அவர் அந்த அறையில் இல்லாத நேரமாகப் பார்த்து, ஜன்னலைத் திறந்துவைத்துப் போடுங்கள். கரி கனன்றுகொண்டிருக்கும் தூபக்காலை மூடிய அறைக்குள் விட்டுவிட்டு வராதீர்கள். அந்தப் புகை உயிருக்கே ஆபத்து.