சந்தேகம் தீர்ந்த பிறகுதான் வர வேண்டுமா?

கேள்வி: எங்கள் தெருவில் வெள்ளிக்கிழமைதோறும் ஒரு வீட்டில் ஜெபக்கூட்டம் நடக்கிறது. கல்லூரியில் படிக்கும் என் மகன் அங்கே வேதத்தைக் குறித்துக் கேள்விமேல் கேள்வி கேட்டுவந்தான். “தம்பி, சந்தேகத்தைத் தீர்த்துக்கொண்டு பிறகு வா” என்று ஒரு பெரியவர் சொல்லிவிட்டார். அதன்பின் அவன் வருவதில்லை. அவனை மறுபடி அழைப்பது சரியா?
– ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: அவசியம் அழையுங்கள், சகோதரி. சந்தேகம் தீர்ந்தவர்கள் மட்டும் கூட வேண்டும் என்றிருந்தால் இயேசுவின் சீடர் தோமாவுக்கு, சீடர்கள் கூடியிருந்த வீட்டில் இடமே இருந்திருக்காது. ஆண்டவர் உயிர்த்தெழுந்ததை, அவருடைய காயத்தில் விரலையிட்டுப் பார்த்தாலொழிய நம்பமாட்டேன் என்று அவர் சொன்னதை நாம் மறப்பதில்லை. ஆனால் மற்றச் சீடர்களும் ஆண்டவர் தம் கைகளையும் விலாவையும் காட்டிய பிறகே சந்தோஷப்பட்டார்கள் என்று யோவான் 20-ஆம் அதிகாரம் சொல்வதையும், கல்லறையிலிருந்து பெண்கள் கொண்டுவந்த செய்தியை அவர்களே வீண்பேச்சாக எண்ணினார்கள் என்று லூக்கா எழுதியிருப்பதையும் எளிதில் மறந்துவிடுகிறோம்.

அந்த அதிகாரத்தில் என்னை எப்போதும் நிறுத்திவைப்பது இடையிலுள்ள எட்டு நாள்தான். முதல் ஞாயிறு மாலையில் தோமா அங்கே இல்லை. அடுத்த முறை அவர்கள் கூடியிருந்தபோது அவரும் உடனிருந்தார். நம்பமாட்டேன் என்று சொன்னவரை அவர்கள் தள்ளிவைக்கவில்லை, அவரும் விலகிப்போகவில்லை. “என் ஆண்டவரே! என் தேவனே!” என்று அவர் அறிக்கையிட்டது அந்தக் கூட்டத்தின் நடுவில்தான்.

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லிக்கும் இப்படி ஒரு காலம் இருந்தது. குருப்பட்டம் பெற்றுப் பல ஆண்டுகள் ஆன பின்பும், 1738 மார்ச்சில், தமக்கு உண்மையான விசுவாசமில்லை என்று உணர்ந்து, பிரசங்கிப்பதை விட்டுவிடலாமா என்று மொரேவிய சபையைச் சேர்ந்த நண்பர் பீட்டர் போலரிடம் கேட்டார். விட வேண்டாம், விசுவாசம் கிடைக்கும்வரை விசுவாசத்தையே பிரசங்கியுங்கள் என்றார் போலர். அதே ஆண்டு மே 24 மாலையில், லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் நடந்த ஒரு சிறு கூட்டத்துக்குத் துளியும் மனமில்லாமல் போனதாக வெஸ்லியே எழுதியிருக்கிறார். அன்றிரவு அங்கேதான் அவருடைய உள்ளம் அனல்கொண்டது.

என் வாலிப நாட்களில் நானும் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் பாட்டுக்கு வாய் திறக்காமல் ஜெபக்கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். அங்கே வரும் ஒரு வயதான அம்மா ஒருநாளும் காரணம் கேட்டதில்லை. கூட்டம் முடிந்ததும் கருப்பட்டிக் காப்பியைக் கையில் கொடுத்து, “அடுத்த வாரம் எங்க வீட்டுல, வந்துரு ராசா” என்பார். எனக்கு விளக்கம் சொன்னவர்கள் பலர். ஆனால் நான் தொடர்ந்து போனதற்குக் காரணம் அவர்தான். வாரந்தோறும் கூடுவதன் அருமை இதில் இருக்கிறது: இன்று விடை கிடைக்காத கேள்வியோடு அடுத்த வெள்ளிக்கிழமையும் வரலாம்.

அந்தப் பெரியவரிடம் கோபமில்லாமல் தனியே பேசுங்கள். விசுவாசத்தில் பலவீனமுள்ளவனை, அவனுடைய ஐயங்களைக் குறித்துத் தர்க்கிக்காமல் சேர்த்துக்கொள்ளும்படி பவுல் எழுதிய ரோமர் 14:1-ஐ இருவருமாக வாசியுங்கள். முடிந்தால் அவரே வீட்டுக்கு வந்து மகனை அழைக்கட்டும். மகன் வந்தால், வராமலிருந்த வாரங்களைப் பற்றி யாரும் கேட்க வேண்டாம். பாயில் சற்றுத் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுங்கள்.